ஒட்டாத துணி

கடற்பாசி எங்களுக்கு இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து சாக்கு மூட்டைகளில் வரும். மூட்டையைப் பிரித்தால் முதலில் மணல், அப்புறம் சிப்பி உடைசல், சில நேரம் காய்ந்த நண்டுக்கால், கடைசியில்தான் பாசி. தொட்டால் நொறுங்கும் பழுப்புப் பாசி. அதைக் கழுவி, சோடாக் கரைசலில் போட்டுச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் பசை கரைந்து இறங்கும். அதற்கு ஆல்ஜினேட் என்று பெயர். பருத்தியைப் போல, பட்டைப் போல, அதுவும் நீண்ட சங்கிலியாகக் கோத்த ஓர் இயற்கைப் பொருள். சுத்தம் செய்த பசையில், புண்ணுக்குக் கட்டும் மெல்லிய காஸ் துணியை முக்கி எடுத்து, உடனே கால்சியம் கரைசலில் விடுவேன். கண்ணெதிரே பசை துணியின் மேல் தோலாக உறையும். காய்ந்தபின் துணி அப்பளம் போல விறைப்பாக நிற்கும்.

அறுபதுகளின் நடுவில், பம்பாய் மாட்டுங்காவில், பஞ்சும் பேண்டேஜும் தயாரித்த ஒரு சின்னக் கம்பெனியின் மாடியில் எனக்கு இந்த வேலை. இரண்டு அறைகள், ஒரு தராசு, இரண்டு கொதிகலன்கள், வெயில் வராத ஒரு ஜன்னல். வேதியியல் படித்துவிட்டுத் துணி வேதியியலிலும் ஒரு பட்டயம் வாங்கியிருந்தேன். மாடியில் நான் ஒருத்திதான் பெண்.

எதற்கு இந்தத் துணி என்றால், தீக்காயத்துக்கு. அந்த வருஷங்களில் பம்ப் ஸ்டவ்வும் நைலான் புடவையும் ஒன்றாக வீட்டுக்குள் வந்திருந்தன. தீக்காயத்தின் மேல் சாதாரண காஸ் வைத்தால், காயத்திலிருந்து கசியும் நீர் அதில் ஊறிக் காய்ந்து, துணியும் காயமும் ஒன்றாகிவிடும். கட்டு மாற்றும்போது துணியை இழுத்தால், அதற்குள் முளைத்திருந்த புதுத் தோலும் கூடவே வரும். ஆல்ஜினேட் துணி அப்படிச் செய்யாது. காயத்தின் ஈரத்தில் இருக்கும் உப்பு பட்டதும் மேல்பசை கூழாகிவிடும். இன்னும் கொஞ்சம் உப்புநீர் விட்டால் துணி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. வெளிநாட்டில் ஏற்கெனவே செய்திருந்தார்கள். ஆனால் அதை இறக்குமதி செய்ய லைசென்ஸ் கிடைக்காது. நம் பாசியையும் நம் மில் துணியையும் வைத்து இங்கே செய்ய முடியுமா என்று பார்ப்பதே என் வேலை.

வீட்டில் அம்மாவுக்கு இதில் ஒரே ஒரு குறைதான்.

"ஏண்டி, இன்னிக்கும் அந்த வாடையா?"

"அது மீன் இல்லைம்மா. செடி."

"செடியோ கொடியோ, கடல்லேர்ந்துதானே வந்தது? பையை வாசல்லயே வை. குளிச்சுட்டு அடுக்களைப் பக்கம் வா."

செம்பூரில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் இருந்த அறுவை மருத்துவர், எங்கள் துணியைப் போட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டார். நடுத்தர வயது மராத்தியர். அதிகம் பேசமாட்டார். கிருமி நீக்கும் பெரிய கலம் எங்களிடம் இல்லாததால், அதை ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்வதாக ஏற்பாடு. தகர டப்பாவில் துணியை அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்துப் போவேன்.

கட்டு மாற்றும் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. முதல்முறை போனபோது அதில் என் வயதுப் பெண் ஒருத்தி வலது கையை நிமிர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கையில் மணிக்கட்டு வரைக்கும் கட்டு. தமிழ் முகம் என்று இரண்டு பேருக்குமே பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"நீங்க டாக்டரம்மாவா?"

"இல்லைங்க."

"அப்போ நர்ஸம்மாவா?"

"அதுவும் இல்லை. நான் துணி செய்யறேன். உங்க கையில சுத்தப்போற துணி."

"மில்லுலயா?"

"மில்லு மாதிரிதான். ரெண்டு ரூம் மில்லு."

சிரித்தாள். "எங்களுது ஒரு ரூம் மில்லு. முறுக்கு மில்லு."

தாராவியில் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். மாமியாரும் அவளும் சேர்ந்து கைமுறுக்கு சுற்றி, மாட்டுங்கா மார்க்கெட் வரைக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டவ் ஆடி எண்ணெய்ச் சட்டி சரிந்தபோது, பிடிக்கப் போன கை அது.

"அச்சு முறுக்குன்னு நெனச்சிராதிய," என்றாள். "அச்சுன்னா யாரு வேணாலும் புழியலாம். இது கைமுறுக்கு. எங்க அத்த ஏழு சுத்து சுத்துவாவ. நான் ஒம்பது. அத அவ்வோகிட்ட சொல்லிராதிய."

மாவை இழுத்துக்கொண்டே முறுக்கிச் சுற்ற எந்தெந்த விரல் வேண்டும் என்று இடது கையால் காட்டினாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். வெந்ததில் அந்த மூன்றும் அடக்கம். கட்டைவிரலில் கொஞ்சம். மற்ற இரண்டிலும், சுண்டுவிரல் அடியிலும் ஆழமாக.

மருத்துவர் அவளிடம் இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. புண் சீக்கிரம் மூட வேண்டும். ஆறாமல் இழுத்துக்கொண்டே போனால் தோல் சுருங்கும். விரல்கள் மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். தவறாமல் கட்டு மாற்ற வர வேண்டும்.

அவள் கேட்டது ஒரே கேள்விதான். "ஒட்டிக்கிட்டா பொறவு பிரிக்க முடியுமா?"

அதை நான் மருத்துவரிடம் கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே உதட்டைப் பிதுக்கினார். அதிலேயே பதில் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

டப்பாவை அங்கேயே விட்டுவந்தேன்; இரண்டு நாள் கழித்து, கிருமி நீக்கி, என் துணியைப் போட்டார்கள். அடுத்த முறை அதை எடுக்கும்போது பார்க்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். குறித்துக்கொள்ள வேண்டியவற்றையெல்லாம் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். கூழின் நிறம், துணி நழுவ எடுக்கும் நேரம், எவ்வளவு உப்புநீர், புதுத்தோல் எங்கெங்கே.

வரிசையில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. துணி ஒட்டியிருந்தது. எந்த காஸும் ஒட்டுவதைப் போலவே. உப்புநீர் விட்டார்கள், காத்திருந்தார்கள், நர்ஸ் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார். அவள் கத்தவில்லை. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எம்மா," என்று மட்டும் சொன்னாள். ஆள்காட்டி விரலின் மேல் பொட்டுப் பொட்டாக இரத்தம் வந்தது. பாதியிலேயே மருத்துவர் நிறுத்தச் சொல்லி, ஒட்டியது ஒட்டியபடி இருக்க மேலே இன்னொரு கட்டுப் போட்டு, மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"உங்கள் துணி நல்ல துணிதான், மிஸ்," என்றார் மருத்துவர். "ஆனால் அது வெறும் துணி."

பஸ்ஸில் திரும்பும்போது காரணங்களை அடுக்கிப் பார்த்தேன். பாசி மூட்டை மாறியிருக்கலாம். கால்சியம் கரைசல் பழையதாகியிருக்கலாம். பசை போதாமல் இருந்திருக்கலாம். கிருமி நீக்கும் நீராவியில் கெட்டிருக்கலாம். அதே தொகுதியில் மீதமிருந்த துணிகளை எடுத்து எங்கள் சின்னக் கலத்தில் நீராவி காட்டி, உப்புநீரில் போட்டேன். ஒவ்வொன்றும் ஒழுங்காகக் கூழாகி வழுக்கியது. அப்படியென்றால் நடந்தது ஆஸ்பத்திரியில்தான் நடந்திருக்க வேண்டும்.

மறுபடி போய், அங்கே டப்பாவில் எஞ்சியிருந்ததைக் கேட்டு வாங்கித் தொட்டேன். அப்பளம் போல விறைத்து நின்ற என் துணி, நன்றாகத் துவைத்துப் பழகிய வேட்டியைப் போல மெத்தென்றிருந்தது.

கட்டடத்தின் பின்புறம் துணி அறை. அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மராத்தி அம்மாள். எல்லோரும் மௌஷி என்று கூப்பிடுவார்கள், சித்தி என்பது போல. பெரிய அண்டாவில் எதையோ குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சலவைச் சோடா பொட்டலம் பிரித்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பாசியிலிருந்து பசையைக் கரைத்து இறக்க நான் போடுவதும் அதே சோடாவைத்தான்.

பம்பாயில் மில்லிலிருந்து வரும் புதுத்துணி எல்லாவற்றிலும் கஞ்சி இருக்கும். கஞ்சி போகக் கொதிக்கவைக்காமல் எந்தத் துணியும் புண்ணருகே போகக்கூடாது என்பது அந்த வார்டின் பழக்கம். நல்ல பழக்கம்தான். மௌஷி இந்தியும் மராத்தியும் கலந்து சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"எவ்வளவு கஞ்சி, மகளே. மில்காரன்களுக்கு மனசாட்சியே இல்லை. ஒரு கொதியில் போகவில்லை. வழவழவென்று வந்துகொண்டே இருந்தது. முறுக்குக்காரப் பெண்ணுக்கு என்று சொன்னார்களே, வெந்த கையில் விறைத்த துணி அறுக்குமே என்று திரும்பவும் கொதிக்கவைத்தேன். இப்போது பார்."

துணியைத் தன் கன்னத்தில் தேய்த்துக் காட்டி, பிறகு என் கன்னத்திலும் தேய்த்தார். உண்மையாகவே மிருதுவாக இருந்தது. அவரிடம் சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அடுத்த டப்பாவும் இந்த அண்டாவுக்குத்தான் வரும். சொன்னேன்.

"கஞ்சி இல்லையா? வேறென்ன?"

"கடல்பாசி."

அண்டாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "படித்த பெண். பாசியை ஏன் துணியில் பூசுகிறாய்?"

விளக்கினேன். கேட்டபடியே குச்சியால் கிளறினார். "அந்தப் பெண் அழுதாளா?" என்றார். அழவில்லை என்றேன். அவர் அதை நம்பவில்லை. என் டப்பாவை வாங்கி, கைப்பிடியில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டி, சோடா போடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அலமாரியின் உச்சியில் வைத்தார்.

இனி துணி சரியாக வரும். ஆனால் கை வர வேண்டுமே.

தாராவிக்குத் தனியாகப் போனேன். தோல் பதனிடும் வாடை முடியும் இடத்தில் எண்ணெய் காயும் வாசனை ஆரம்பித்தது. "கை சுட்டுக்கிட்ட முறுக்குக்காரங்க வீடு," என்று கேட்டதும் சந்தே சேர்ந்து வழி சொன்னது. வாசலில் நனைத்த துணியைத் தரையில் விரித்து அதன்மேல் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தவர்தான் மாமியார். என் கைப்பையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார். அரிசிக்கு ரேஷன் கெடுபிடி இருந்த காலம் அது.

"ரேஷன் ஆபீஸா? இது மைதாவாக்கும். அரிசிய கண்ணுல பாத்தே நாளாச்சு."

"ஆஸ்பத்திரிலேர்ந்து வரேம்மா."

"அப்போ அரிசிதான். உள்ள வாங்க. மெதுவா வாங்க, ஒங்களப் பாத்தா அவ கூரையப் பிச்சிட்டு ஓடிருவா."

அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அன்று போட்ட கட்டு அப்படியே இருந்தது. பழுப்பேறி மரக்கட்டை போலாகியிருந்தது. என்னைக் கண்டதும் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஒங்க மேல கோவம் இல்ல. அந்தத் துணிய மட்டும் கொண்டாராதிய."

நடந்ததைச் சொன்னேன். கஞ்சி என்று நினைத்துக் கொதிக்கவைத்துவிட்டார்கள் என்றதும் மாமியார் நியாயமாகத் தலையாட்டினார். "நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்." பையிலிருந்து சரியான துணித் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு கிண்ணம் கேட்டு வாங்கி, கொண்டுபோன பாட்டிலிலிருந்து நீரை ஊற்றினேன். துணி கொஞ்சம் கொஞ்சமாக ஊதிப் பளபளத்தது. மாமியார் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"வெண்டக்காயாட்டம் வழுக்குதே. என்ன தண்ணி இது?"

"கொதிக்க வச்ச தண்ணி. கொஞ்சம் உப்பு."

மருமகளின் கை இன்னும் உள்ளே போனது. மாமியார் விரலை எடுத்துவிட்டார்.

"வெந்த கையில உப்புத் தண்ணியா? ஊறுகா போடப் போறியளா?"

"அத்த, சும்மா இரிங்க," என்றாள் அவள். ஆனால் அவள் கண்ணிலும் அதே கேள்விதான் இருந்தது.

இதற்கு விடை எனக்குத் தெரியும். சதவீதத்தில் தெரியும். அதை இந்த வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கடைசியில், "கண்ணீர்ல இருக்கற உப்புதான் இதுலயும். அதுக்கு மேல இல்லை. கண்ணீர் பட்டா கண்ணு எரியறதா?" என்றேன்.

"எரியத்தான் செய்யுது," என்றார் மாமியார்.

"அது நீங்க மொளவா வறுக்கும்போது அழுதது, அத்த."

நான் கொஞ்சம் நீரை உள்ளங்கையில் ஊற்றி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைத் திறந்தபடியே அதில் முக்கினேன். இரண்டு கண்ணையும். நிமிர்ந்தபோது ரவிக்கை வரை நனைந்திருந்தது. மாமியாரும் மருமகளும் என் முகத்துக்கு மிக அருகில் வந்து, கண் சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செவக்கல்ல," என்றார் மாமியார், சற்று ஏமாற்றத்தோடு.

அவள் புடவையிலிருந்து கையை எடுத்தாள். வெகுநேரம் அந்தக் கட்டையையே பார்த்தாள். "நாளைக்கி வாறேன்," என்றாள். "ஆனா ஒரு வெரலுக்குத்தான் ஒங்க துணி. இந்த வெரலுக்கு." ஆள்காட்டி விரல். "மத்ததுக்கு எப்பவும் போடுததையே போடுங்க. அது எப்பிடி வலிக்கும்னு எனக்குத் தெரியும்."

இரண்டு துணிகளையும் ஒரே கையில் ஒப்பிட்டுப் பார்க்க, ஆராய்ச்சி முறையில் இதைவிடச் சரியான ஏற்பாட்டை நானே யோசித்திருக்க முடியாது. அதை அவளிடம் சொல்லவில்லை.

வந்தாள். மாமியாரும் தூக்குவாளியோடு வந்தார். முதலில் ஒட்டிக் காய்ந்திருந்த பழைய கட்டைக் கழற்ற வேண்டும். நர்ஸுக்கு அதற்கு நேரமில்லை. எனக்கு இருந்தது. வெதுவெதுப்பான உப்புநீர் நிறைந்த பேசினுக்குள் அவள் கையை வைத்து, அடியில் என் கையைத் தாங்கலாகக் கொடுத்து உட்கார்ந்தேன். நீர் ஆற ஆற மௌஷி வேறு சூடாகக் கொண்டுவந்து ஊற்றினார். முழுக் காலையும் அதில்தான் போனது. எதையும் இழுக்கவில்லை. நூல் நூலாக அதுவே விட்டது. மதியத்துக்குள் கட்டு முழுவதும் தண்ணீரில் மிதந்தது. மருத்துவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுற்றினார். ஆள்காட்டி விரலுக்குச் சிவப்பு நாடா டப்பாவிலிருந்து எடுத்த துணி.

அடுத்த கட்டு மாற்றும் நாளில் மற்ற விரல்களை முதலில் செய்தார்கள். வலித்தது. அவளுக்கு எப்படி வலிக்கும் என்று தெரிந்திருந்த அதே வலிதான். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலுக்கு வந்தபோது முகத்தை மாமியாரின் இடுப்பில் புதைத்துக்கொண்டாள். நான் உப்புநீரை மெதுவாக விட்டேன். துணியின் ஓரம் கண்ணாடி போலானது. நர்ஸ் இடுக்கியால் ஓரத்தைத் தூக்கினார். பழத்தோல் கழல்வது போல அது முழுசாக இடுக்கியோடு வந்தது. கீழே ஈரமான ரோஜா நிறம். ஒரு பொட்டு இரத்தம் இல்லை.

மாமியாரின் புடவைக்குள்ளிருந்தே அவள் கேட்டாள். "எப்ப உரிக்கப் போறிய?"

"உரிச்சாச்சு," என்றேன்.

"பொய்."

"பாருங்க."

பார்த்தாள். விரலை முகத்தருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தாதவள், அப்போதுதான் அழுதாள். மாமியார் என்னைப் பார்த்து, "மத்த வெரலு மட்டும் என்ன பாவம் செஞ்சிது? அதுக்கும் இதையே போடச் சொல்லுங்க," என்றார். அவள் அழுகைக்கு நடுவே தலையை ஆட்டினாள்.

ஒரு கையை வைத்து ஒரு துணியை நிரூபிக்க முடியாது. நான் எழுதிய அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினேன். பிறகு வேறு கைகள், கால்கள், ஒரு குழந்தையின் முதுகு. சில நன்றாக ஆறின, சில ஆறவில்லை. மழைக்காலத்தில் துணி ஈரம் குடித்து, சில டப்பாக்களை முழுசாகத் தூக்கிப் போட வேண்டிவந்தது. அவளுடைய கையிலும் எல்லாம் திரும்பி வரவில்லை. சுண்டுவிரல் உள்ளே மடங்கியபடி நின்றுவிட்டது. அது முறுக்குக்கு வேண்டாத விரல் என்று சொல்லிக்கொண்டாள். மற்ற நான்கும் தனித்தனியாக, நீட்டி மடக்கக்கூடியவையாக இருந்தன.

ஆனால் அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வேறு ஒரு நாள். புண் ஏறக்குறைய மூடிவிட்டிருந்த சமயம். வழக்கம்போல அவள் கையைப் பேசினில் விட்டு, கூழாகட்டும் என்று காத்திருந்தேன். விடியும்முன் எழுந்து எண்ணெய்ச் சட்டி வைத்துவிட்டு வந்திருப்பாள்போல. பேச்சை நிறுத்தினாள். பார்த்தால், நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டு மாற்றும் அறையில், வலது கை தண்ணீருக்குள் இருக்க, தூங்கிப்போயிருந்தாள். துணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று பேசினில் மிதந்தன. நான் அவற்றை எடுக்கவில்லை. அவள் கையின் கனம் முழுவதும் என் கைமேல் இருந்தது.

அப்போது மருத்துவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து போய், உதட்டில் விரல் வைத்து, தன் வீட்டுக்கு வந்த ஆளிடம் சொல்வது போல அவரிடம் சொன்னார்.

"புள்ள தூங்குது. பொறவு வாங்க."

அவர் பேசினைப் பார்த்தார். அதில் மிதந்த துணிகளையும், அவற்றின் நடுவே தனித்தனியாக விரிந்து கிடந்த விரல்களையும் பார்த்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.